யந்திரங்களின் காய்ச்சலை முன்னரே அறிதல்

தேயிலைத் தொழிற்சாலைகளில் செந்நிறக்கீழ்க் கதிர்ப் பரிசோதனையை ஒழுங்கு செய்யும் முறை

(கந்தப்பளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்கள், மின்வினைஞர்கள், சிறுதோட்ட உரிமையாளர்கள் ஆகியோருக்கு நிகழ்த்தப்பெற்ற உரை)



கொழுந்து பறிக்கப்பட்ட நேரத்திலிருந்து அது தேயிலைத் தூளாகிப் பெட்டியில் அடைபடும் நேரம் வரை நமது தொழிலில் காத்திருக்கத்தக்க கட்டம் ஒன்றேனும் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வாட்டுந் தொட்டியில் வாடிப் பதமடைந்த கொழுந்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தல் இயலாது. ரோலரில் உருட்டி நொதிக்க வைத்த கொழுந்து நிமிடக் கணக்கிற் பார்த்துச் சூளைக்கு அனுப்பப்படுவது. இந்நிலையில் நள்ளிரவில் ஒரு மோட்டர் எரிந்துபோயின் நேரும் நட்டம் மோட்டரின் விலையோடு நிற்பதில்லை. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய 21 அல்லது 22 கிலோ தேயிலை கிடைக்கிறது. ஆகவே 5,000 கிலோ கொழுந்து பழுதுறுமாயின் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தேயிலை ஓரிரவில் அழிகின்றது. அதனைப் பறித்த கைகளின் உழைப்பும், கொழுந்தை விற்க வந்த சிறுதோட்டக்காரரின் வருவாயும் அதனுடன் போகின்றன.

இதனினும் பெரிய ஆபத்து நெருப்பு. தேயிலை சலிக்கும் அறையில் மெல்லிய பஞ்சும் தூசும் பறந்து மோட்டர்கள்மீதும் ஆளிப்பலகைகளினுள்ளும் படிகின்றன. உலர்த்தும் அறையின் அருகில் விறகு அடுக்கப்பட்டிருக்கின்றது. தளர்ந்த ஒரு மின்னிணைப்பிலிருந்து எழும் பொறி இவற்றிற் பட்டால் விளைவது யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நேரத்தில் உள்ளே வேலைசெய்வோர் நம்மவர்கள். ஆதலின் யந்திரத்தில் தோன்றும் கோளாற்றை அது முற்றுமுன் கண்டறியும் ஒரு முறையைப் பற்றி இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கையால் தொட்டறிந்த காலம்

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே ஒரு பெரிய எஞ்சின் நீண்ட தண்டு ஒன்றைச் சுழற்ற, அத்தண்டிலிருந்து தோற்பட்டைகள் மூலம் எல்லா யந்திரங்களும் ஓடின. கந்தப்பளையிலுள்ள பழைய ஹெதர்செற் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதியாக விளங்குகின்றது. அங்கே அக்காலத்து எஞ்சின் இன்றும் பேணப்பட்டு வருவதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அக்காலத்து எஞ்சின் காவலர் பேரிங்குகளைக் கையால் தொட்டுப் பார்த்தும், ஓசையைக் காதாற் கேட்டும் குறையை அறிந்தார். அது நல்ல வழக்கமே.

1950ஆம் ஆண்டில் லக்ஸபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கிய பின்னர் மலைநாட்டில் மின்சாரம் படிப்படியாகப் பரவிற்று. இன்று ஒவ்வொரு ரோலருக்கும், ஒவ்வொரு விசிறிக்கும், ஒவ்வொரு சல்லடைக்கும் தனித்தனி மோட்டர் உண்டு. காவலர் ஒருவர் கவனிக்க வேண்டிய இடங்கள் பத்திலிருந்து பல நூறாகப் பெருகிவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மின்னோட்டம் பாயும் இணைப்புக்கள். கையால் தொடவே கூடாதவை. எனவே தொடாமலே சூட்டை அறியும் கருவி நமக்கு வேண்டியதாயிற்று.

கதிரின் இயல்பு

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானியல் அறிஞர் ஞாயிற்றின் ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே செலுத்தி நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். செந்நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு எவ்வொளியும் தோன்றாத இடத்திலும் வெப்பமானி உயர்ந்தது. அங்கே விழுந்த கதிரே செந்நிறக்கீழ்க் கதிர் எனப்படுவது. தமிழ்நாட்டில் இதனை அகச்சிவப்புக் கதிர் என்பர்.

எப்பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப இக்கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றது. சூடு ஏற ஏறக் கதிரும் மிகும். வெப்பப் படக்கருவி இக்கதிரை வாங்கி, சூடான இடத்தை ஒரு நிறத்திலும் குளிர்ந்த இடத்தை வேறொரு நிறத்திலும் படமாகக் காட்டுகின்றது. பரிசோதனைக்காக யந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. ஓடும் யந்திரமே தன் நோயைக் காட்டும்.

தளர்ந்த இணைப்பு ஏன் சூடாகின்றது? இணைப்புத் தளர்ந்தாலும் துருவேறினாலும் அவ்விடத்தில் மின்தடை கூடுகின்றது. உண்டாகும் வெப்பம் தடையைப் பொறுத்தும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமையும். 60 அம்பியர் பாயும் இணைப்பில் 0.01 ஓம் தடை ஏற்பட்டால் 36 வாற்று வெப்பம் ஒரு சிறு திருகாணியின் அடியில் இடைவிடாது பிறக்கும். அவ்வெப்பம் திருகாணியை மேலும் தளர்த்தும். கம்பியின் மேலுறையைக் கருக்கும். தடை இன்னும் கூடும். இவ்வாறு சிறு குறை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

மோட்டரின் சுற்றுக் கம்பிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் சூட்டிற்கும் காவலியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

திட்டத்தைத் தொடங்கும் முறை

கருவியை வாங்கிவிட்டாற் பரிசோதனைத் திட்டம் அமைந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. பின்வரும் ஒழுங்கு முதலில் வேண்டும்.

1. பொறுப்பாளர். தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவரை இத்திட்டத்திற்குப் பொறுப்பாக நியமித்தல் வேண்டும். எல்லோருடைய வேலையும் என்று விடப்பட்டது எவருடைய வேலையும் ஆவதில்லை.

2. யந்திரப் பட்டியல். வாட்டுந் தொட்டி விசிறிகள், ரோலர்கள், ரோல் பிரேக்கர்கள், உலர்த்திகள், சல்லடைகள், பிரதான ஆளிப்பலகை, மின்பிறப்பாக்கி ஆகிய யாவற்றிற்கும் எண் கொடுத்து, அவ்வெண்ணை யந்திரத்தின்மீது வண்ணத்தால் எழுதுக. படத்தில் உள்ள மோட்டர் எது என்று பின்னர் தேடும் நிலை வரக்கூடாது.

3. தரம் பிரித்தல். ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இது பழுதானால் உயிருக்கு ஆபத்து உண்டா? கொழுந்து கெடுமா? மாற்று உறுப்பு உடனே கிடைக்குமா? உயிராபத்து உள்ளவையும், கொழுந்தைக் கெடுப்பவையும் முதற்றரம். பிரதான ஆளிப்பலகையும் உலர்த்தியின் விசிறியும் எத்தொழிற்சாலையிலும் முதற்றரத்தைச் சேர்ந்தவையே. பல ரோலர்களுள் ஒன்று நிற்பின் மற்றவற்றால் சமாளிக்கலாமாதலால் அவற்றை இரண்டாந் தரத்தில் வைக்கலாம். எஞ்சியவை மூன்றாந் தரம்.

4. அடிப்படைப் படம். ஒவ்வொரு யந்திரமும் நல்ல நிலையில், வழக்கமான சுமையுடன் ஓடும்பொழுது ஒரு படம் எடுத்து வைத்தல் வேண்டும். நலமாயிருந்த நாளின் அளவு தெரியாவிடின் நோயின் அளவும் தெரியாது.

5. கால ஒழுங்கு. தொடக்கத்தில் முதற்றரத்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், மற்றவற்றை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் பார்ப்பது நன்று. ஓராண்டின் பதிவுகளைக் கண்ட பின் இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கொழுந்து பெருகும் ஏப்பிரல், மே மாதங்களுக்கு முன்னர் ஒரு பரிசோதனை கட்டாயம் நடைபெறல் வேண்டும். அப்பொழுது கண்ட குறைகளைத் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும். கொழுந்து மிக்க நாட்களில் யந்திரங்கள் முழுச்சுமையுடன் ஓடுமாதலால் அந்நாட்களிலும் ஒருமுறை பார்த்தல் சிறந்தது. புதிய மோட்டரோ புதிய ஆளியோ பொருத்தியவுடனும் பார்த்தல் வேண்டும்.

கருவியைத் தேர்தலும் சரிபார்த்தலும்

துப்பாக்கி வடிவிலுள்ள மலிவான வெப்பமானி ஓரிடத்தின் சராசரிச் சூட்டை மட்டுமே சொல்லும். அதன் அளவு 12க்கு 1 என்றிருப்பின், 12 அடி தூரத்தில் நின்று பார்க்கும்பொழுது ஓர் அடி அகலமான வட்டம் முழுவதன் சராசரியையே அது காட்டும். சிவப்புப் புள்ளி விழுந்த இடத்தை மட்டும் அளப்பதாக எண்ணிவிடலாகாது. சிறு திருகாணியின் சூடு அச்சராசரியில் மறைந்துவிடும். பேரிங்குகளை அருகிலிருந்து நாள்தோறும் பார்ப்பதற்கு இது போதும். ஆளிப்பலகைகளுக்குப் படக்கருவியே வேண்டும். 160க்கு 120 புள்ளிகளேனும் உடையதும், கதிர்வீசு திறனை மாற்றியமைக்கக் கூடியதுமான கருவியைத் தேர்க; 320க்கு 240 புள்ளிகள் இருப்பின் இன்னும் நன்று.

தனித்து வாங்க இயலாத சிறு தொழிற்சாலைகள் அயலிலுள்ள நாலைந்து தொழிற்சாலைகளுடன் சேர்ந்து ஒரு கருவியை வாங்கிப் பயன்படுத்தலாம். அல்லது ஆண்டுக்கு இருமுறை தேர்ச்சிபெற்றவரை அழைத்துப் படமெடுப்பித்து, இடைக்காலத்தில் வெப்பமானியால் தாமே கவனித்து வரலாம்.

கருவி சரியாக உள்ளதா என்பதை எளிதில் அறியலாம். உருகும் பனிக்கட்டி 0 பாகையைக் காட்டல் வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மின்வினைஞரின் கறுப்பு நாடாவை ஒட்டி அந்நாடாவையும் பார்க்கலாம். இங்கு ஒன்றை நினைவிற் கொள்க. கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை; ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே 93 என்று காட்டும் கருவியைப் பழுதானது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஏமாற்றும் காட்சிகள்

பளபளப்பான உலோகம் தன் சூட்டை மறைக்கும். வண்ணம் பூசிய பரப்பின் கதிர்வீசு திறன் 0.9க்கு மேற்பட்டது. துலக்கிய செம்பினது 0.1க்கும் குறைவு. எனவே பளிச்சென்ற செம்புச் சட்டம் கடுஞ்சூடாக இருக்கும்பொழுதும் குளிர்ந்ததுபோலத் தோன்றும். அன்றியும் எதிரில் நிற்பவரின் உடற்சூட்டையே எதிரொளித்துக் காட்டும். மின்னோட்டத்தை நிறுத்திய வேளையில் அவ்விடங்களிற் கறுப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தால் பின்னர் நாடாவைப் பார்த்து உண்மையை அறியலாம். உலர்த்தியின் நாகத்தகட்டுப் பரப்புக்கும் இவ்வாறே செய்க.

கண்ணாடியின் ஊடாக இக்கருவி பார்க்காது. ஆளிப்பலகையின் கண்ணாடிக் கதவின் முன்னின்று எடுத்த படம் கண்ணாடியின் சூட்டையே காட்டும். மூடிய உலோகப் பெட்டியின் உள்ளேயும் பார்க்காது.

காற்றுச் சூட்டைக் கவர்ந்து செல்லும். வாட்டுந் தொட்டி விசிறியின் காற்றுப்படும் இணைப்பு, குறையுடையதாயினும் குளிர்ந்தே தோன்றக்கூடும். சனவரி மாதத்து விடியற்குளிரில் எடுத்த அளவையும் நண்பகலில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. அறையின் வெப்பநிலையையும் உடன் குறித்தல் வேண்டும். பனிமூட்டமுள்ள வெளியிலிருந்து உலர்த்தும் அறைக்குட் கருவியைக் கொண்டுவந்தவுடன் வில்லையில் ஈரம் படியும். சிறிது நேரம் உறைக்குள்ளேயே வைத்திருந்து, கருவி அறையின் சூட்டிற்கு வந்தபின் பயன்படுத்துக.

சுமை குறைந்தபொழுது நோய் ஒளிந்திருக்கும். யந்திரம் தன் முழுச்சுமையில் 40 வீதமேனும் தாங்கியிருக்கும்பொழுதே பரிசோதித்தல் தகும். அரைச் சுமையில் 8 பாகை மிகுந்து காணும் இணைப்பு முழுச்சுமையில் அதன் நான்கு மடங்கு வரை, அதாவது 30 பாகைக்கு மேலும் மிகுந்து காணக்கூடும். ஆதலால் மின்னோட்டத்தின் அளவைக் குறிக்காத படம் அரைகுறைச் சாட்சியேயாகும்.

எதனை எதனோடு ஒப்பிடுவது?

ஒரு பொருளின் சூட்டை அதன் இணைப்பொருளோடு ஒப்பிடுதலே சிறந்த வழி. மூன்று அவத்தைக் கம்பிகள், நம் மின்வினைஞர் ‘பேஸ்’ என்று வழங்குவன, ஒத்த மின்னோட்டத்தைச் சுமக்கும்பொழுது ஒத்த சூட்டில் இருத்தல் வேண்டும். உலகெங்கும் மின்சோதனையாளர் கைக்கொள்ளும் அளவு வருமாறு:

வேறுபாடு 1 முதல் 3 பாகை: குறை இருக்கக்கூடும், கவனித்து வருக.
வேறுபாடு 4 முதல் 15 பாகை: குறை இருத்தல் பெரும்பாலும் உறுதி, வசதியான முதல் நாளிற் திருத்துக.
வேறுபாடு 15 பாகைக்கு மேல்: பெருங்குறை, உடனே திருத்துக.

உதாரணமாக, ஒரு ரோலரின் ஆளியில் மூன்று இணைப்புக்கள் முறையே 34, 35, 52 பாகை காட்டுகின்றன என்று கொள்வோம். மூன்றிலும் மின்னோட்டம் ஒன்றே. 52 பாகை என்பது கையாற் பொறுக்கத்தக்க சூடுதானே என்று எண்ணலாகாது. வேறுபாடு 17 பாகையாதலால் அவ்விணைப்பு அன்றைய கொழுந்து முடிந்தவுடன், அடுத்த கொழுந்து ரோலரில் ஏறுமுன், கழற்றித் துலக்கப்படல் வேண்டும்.

பேரிங்கை அதே மோட்டரின் மறுபக்கத்துப் பேரிங்கோடும், அதே வகையான வேறு மோட்டரோடும் ஒப்பிடுக. சூடு மிகுமாயின் கிறீஸ் குறைந்திருக்கலாம். அளவுக்கு மீறி ஏற்றப்பட்டும் இருக்கலாம். பெல்ட்டும் கப்பியும் ஒருங்கே சூடாயிருப்பின் அவை ஒரே நேர்கோட்டில் அமையாமலோ பெல்ட் வழுக்கியோ ஓடுகின்றன எனக் கொள்க. மோட்டரின் உடல் முழுவதும் சூடாயிருப்பின் முதலில் அதன்மீது படிந்த தேயிலைப் பஞ்சை அகற்றிப் பாருங்கள்.

இக்கருவியால் வேறொரு பயனும் உண்டு. உலர்த்திக்குச் செல்லும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகைச் சூடுடையது. அதனைக் கொண்டுசெல்லும் குழாயிலும் சூளைச் சுவரிலும் எங்கே வெப்பம் கசிகின்றதென்பதைப் படத்திற் காணலாம். கசிவை அடைத்தால் விறகு மிச்சமாகும்.

பாதுகாப்பு

கருவி தொடாமற் பார்ப்பது உண்மையே. ஆயினும் ஆளிப்பலகையின் மூடியைத் திறத்தல் ஆபத்தான செயல். தகுதிபெற்ற மின்வினைஞரே திறத்தல் வேண்டும். எப்பொழுதும் இருவர் செல்க. ஒருவர் படமெடுக்க மற்றவர் சூழலைக் கவனிக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுக. பருத்தி உடை அணிந்து, றப்பர் விரிப்பின்மேல் நின்று, போதிய தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். திரையைப் பார்த்தவண்ணம் பின்னோக்கி நடத்தல் கூடவே கூடாது. பின்னால் ரோலர் சுழன்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் உள்ளபொழுது எத்திருகாணியையும் முறுக்க முயல வேண்டாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைசெய்வோரின் பாதுகாப்பைத் தொழிற்சாலை நடத்துவோரின் கடமையாக்கியுள்ளது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகின்றேன்.

பதிவும் திருத்தமும்

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பதிவு வேண்டும். அதில் நாள், நேரம், யந்திர எண், மின்னோட்டம், அறையின் வெப்பநிலை, கண்ட சூடு, ஒப்பிட்ட உறுப்பின் சூடு, வேறுபாடு, செய்யவேண்டிய திருத்தம், திருத்துபவர் பெயர், முடிக்கவேண்டிய நாள் ஆகியன இடம்பெறுக. வெப்பப் படத்துடன் சாதாரணப் படம் ஒன்றையும் சேர்த்து வைத்தால் இடத்தை அறிதல் எளிதாகும்.

குறை காணப்பட்ட இணைப்பை வெறுமனே இறுக முறுக்குதல் போதாது. மிகையாக முறுக்கினால் திருகாணியே பழுதாகும். மின்னோட்டத்தை நிறுத்தி, பூட்டிட்டு, கழற்றி, துருவை நீக்கி, கருகிய முனையை வெட்டி, புதிய முனை பொருத்தி, உரிய அளவு முறுக்குதல் வேண்டும். அலுமினியக் கம்பியைச் செம்புச் சட்டத்தோடு நேரே பொருத்தலாகாது. அதற்கென அமைந்த இணைப்பு முனையைப் பயன்படுத்துக. பின்னர் யந்திரம் மீண்டும் சுமையுடன் ஓடும்பொழுது மறுபடியும் படமெடுத்து வேறுபாடு நீங்கியதைக் காண வேண்டும். இம்மறுபார்வை நிகழாத திருத்தத்தை முடிந்ததாகப் பதியலாகாது.

இங்கே தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு ஒரு வார்த்தை. படம் எடுக்கப்பட்டு, குறை எழுதப்பட்டு, அறிக்கை மேசையில் உறங்குமாயின் பரிசோதனை செய்யாதிருப்பதிலும் அது கேடானது. குறை தெரிந்திருந்தும் ஆட்களை அவ்யந்திரத்தின் அருகே நிறுத்தியவராவோம். ஆகவே மாற்று உறுப்புக்களுக்கான பணத்தையும், யந்திரத்தை நிறுத்துவதற்கான நேரத்தையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தல் அவசியம்.

வெப்பப் பரிசோதனை, துப்புரவுக்கும் வழக்கமான பராமரிப்புக்கும் மாற்றன்று. எங்கே முதலிற் கவனம் செலுத்த வேண்டும் என்பதையே அது நமக்குச் சுட்டுகின்றது. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் பயிரிட்டு மின்பம்பியால் நீரிறைக்கும் கமக்காரருக்கும் இதே விதி பொருந்தும். பம்பியின் மோட்டரும் ஆளியும் காய்ச்சல் காட்டியே பழுதாகின்றன.

தொழிற்சாலை உத்தியோகத்தர்களே, இம்மாதத்திலேயே யந்திரப் பட்டியலைத் தயாரியுங்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் எழுதுகோலும் போதும். முதற்றர யந்திரங்களுக்கு எண்ணிட்டு, ஆளிப்பலகைகளிற் படிந்த தூசை, மின்னோட்டத்தை நிறுத்தியபின் அகற்றுங்கள். அடுத்து அயல் தொழிற்சாலைகளோடு பேசிக் கருவிக்கு வழிசெய்யுங்கள். கொழுந்து பெருகுமுன் முதற் பரிசோதனை முடிந்திருக்கட்டும். இரவு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் விடியலில் நலமே வீடு திரும்புதல் வேண்டும். மலையிலிருந்து இறங்கிவந்த கொழுந்து வீணாகாது தேயிலையாதல் வேண்டும். இதன்பொருட்டு நீங்கள் எடுக்கும் முயற்சி வெற்றிபெறுக.